துரு தாங்கும் பிரேக் டிஸ்க்: பூச்சு எதைக் காக்கிறது, எதைக் காக்காது

என் காரின் பின்சக்கர பிரேக் டிஸ்க் இரண்டையும் கழற்றித் தரையில் வைத்ததும் மைக்ரோமீட்டரை எடுத்தேன். புதிதாக இருக்கும்போது 10 மி.மீ. தடிமன். விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 8 மி.மீ. பளபளப்பான இடத்தில் எங்கே அளந்தாலும் 9 மி.மீ.க்குக் கீழே இறங்கவில்லை. தேய்மானக் கணக்குப்படி பாதி ஆயுள் மிச்சம். ஆனாலும் அதைத் திரும்ப மாட்ட மனம் வரவில்லை. பிரேக் பேட் உரச வேண்டிய பட்டையில் நடுப்பகுதி மட்டும்தான் சுத்தமாக இருந்தது. வெளி விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குத் துரு ஏறிக் குழி விழுந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெருடினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

துரு தாங்கும் டிஸ்க் வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை இந்தப் பழைய டிஸ்க்கிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. அது தேய்ந்து போனதா, துருப்பிடித்துப் போனதா? குறைந்தபட்ச அளவுக்குத் தேய்ந்து வெளியே வந்த டிஸ்க் என்றால், அடுத்ததற்கு எந்தப் பூச்சு போட்டாலும் ஆயுள் பெரிதாகக் கூடாது. தடிமன் மிச்சமிருக்கும்போதே துரு தின்றுவிட்டது என்றால்தான் பூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

பொதுவாக முன் டிஸ்க் தேய்ந்து சாகும், பின் டிஸ்க் துருவால் சாகும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், வேலையில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. பின் பேட் சும்மா தொட்டுவிட்டு விலகுகிறது. உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் நிற்கிற, அதிகம் ஓடாத வண்டி என்றால், இந்த லேசான தொடல் துருவை வழித்தெடுக்கப் போதாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களிலும் இதே கதைதான். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் இது இன்னும் மோசம். வேகம் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் டிஸ்க்குக்கு வேலையே வருவதில்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரத்துக்குப் பழையபடி டிரம் பிரேக்கை வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடியிருக்கும் டிரம்முக்குள் மழையும் உப்பும் எளிதில் போகாது.

முதலில் காலிப்பரைச் சந்தேகப்படுங்கள்

டிஸ்க் துருப்பிடித்தால் டிஸ்க்கைக் குறை சொல்வது சுலபம். எந்த முகத்தில் துரு அதிகம் என்று கொஞ்சம் கவனித்தால் வேறு ஆள் மாட்டுவார். பெரும்பாலான கார்களில் இருக்கும் மிதக்கும் காலிப்பரில் (பேட்களைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்து அழுத்தும். ஸ்லைடு பின் இறுகிவிட்டால் உள் பேட் வேகமாகத் தேயும், வெளி முகம் வழிக்கப்படாமல் துருவேறும். ஆக, வெளி முகத்தில் மட்டும் துரு என்றால் முதல் சந்தேகம் அந்தப் பின் மேல்தான் விழ வேண்டும்.

என் வண்டியில் பின்கள் தாராளமாக நகர்ந்தன. ஆனால் இடப்பக்க பிராக்கெட்டில் பேடின் காதுகள் உட்காரும் எவர்சில்வர் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்திருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது கிளிப்பை மேலே தூக்கிவிட, பேட் நகர இடமில்லாமல் சற்றுக் கோணலாக நின்றிருக்கிறது. கிளிப்பைக் கழற்றி, அடியில் இருந்ததை அரத்தால் இரும்பு தெரியும்வரை சுரண்டி, மெல்லிய பூச்சாக பிரேக் கிரீஸ் தடவிப் புதுக் கிளிப் போட்டேன். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டிஸ்க் போட்டாலும் அதே இடத்தில் அதே துரு வந்து நிற்கும்.

பேடின் முதுகுத் தகட்டையும் பார்த்துவிடுங்கள். அந்தத் தகடு துருப்பிடித்து வீங்கினால் உரசும் பொருள் அதிலிருந்து பெயர்ந்துவிடும். டிஸ்க்குக்குப் பூச்சு தேடுகிறவர்கள் பேடை மலிவாக வாங்கிவிடுவது எனக்குப் புரியாத கணக்கு. துத்தநாகம் பூசிய முதுகுத் தகடு உள்ள பேட்கள் கிடைக்கின்றன.

எவர்சில்வரில் செய்தால் என்ன?

எல்லோருக்கும் தோன்றும் கேள்விதான். பைக் டிஸ்க் பளபளவென்று துருவே இல்லாமல் இருக்கிறதே, காருக்கு மட்டும் ஏன் வார்ப்பிரும்பு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க வேண்டுமானால் சுமார் 580 கிலோஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். முன்பக்கம் 70 சதவீதம் என்றால் ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 200 கிலோஜூல் வரும். 7 கிலோ டிஸ்க் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு பிரேக்கில் அதன் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். ஆறுவதற்கு முன் அடுத்த பிரேக், அதற்கடுத்தது என்று மலைப்பாதையில் இறங்கும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உரசும் முகத்தில் பிறக்கும் சூடு சட்டென்று உடல் முழுக்கப் பரவ வேண்டும். இந்த வேலையைச் சாம்பல் வார்ப்பிரும்பு நன்றாகச் செய்கிறது. அதில் 3 முதல் 4 சதவீதம் கார்பன் உண்டு. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே சிதறிக் கிடக்கும். சூட்டைக் கடத்துவதும் அந்தச் செதில்கள்தான், அதிர்வை விழுங்கிக் கிறீச் சத்தத்தை அடக்குவதும் அவைதான். வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 50 வாட் அளவில் இருக்கும். பைக் டிஸ்க்குக்குப் பயன்படும் குரோமியம் கலந்த எஃகில் அது ஏறக்குறைய பாதிதான். பாத்திரம் செய்கிற எவர்சில்வரில் 15 வாட் வந்தால் அதிகம்.

பைக்குக்கு இது செல்லும். எடை குறைவு, டிஸ்க் முழுக்கக் காற்றில் நிற்கிறது, கண்ணுக்கும் நேராகத் தெரிகிறது. காரில் சக்கரத்துக்குள் அடைபட்டிருக்கும் டிஸ்க்கை அதே எஃகில் செய்தால் சூடு ஒரே இடத்தில் தேங்கி நெளியும், சத்தமும் போடும். துருப்பிடிக்கும் என்று தெரிந்தேதான் வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் துருவைத் தள்ளிப்போடத்தான் இத்தனை பூச்சுகள்.

கடையில் ‘துரு தாங்கும்’ என்ற பெயரில் வருபவை

எல்லாம் ஒன்றல்ல. மலிவானது பெயின்ட். தொப்பியிலும் (சக்கரம் மாட்டும் ஹப்பின் மேல் உட்காரும் நடுப்பகுதி) விளிம்பிலும் கறுப்போ வெள்ளியோ அடித்திருப்பார்கள். அலாய் வீல் வழியாகப் பார்க்க அழகாக இருக்கும். கல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் துரு அடியில் புகுந்து மீதிப் பெயின்டையும் தூக்கிவிடும். மின்சாரக் குளியலில் முக்கி எடுக்கும் எபாக்சிப் பூச்சு இதைவிட எவ்வளவோ மேல். டிஸ்க்கை அப்படியே தொட்டியில் இறக்குவதால் இரண்டு தட்டுக்கும் இடையிலுள்ள காற்றோட்டத் துடுப்புகளுக்கு நடுவே, தூரிகையோ ஸ்ப்ரேயோ எட்டாத சந்திலும் படிந்துவிடும். ஆனால் எபாக்சி ஒரு பிளாஸ்டிக். கடுமையாகச் சூடேறும் முன் டிஸ்க்கில் நாளடைவில் கருகும்.

துத்தநாக முலாம் வேறு ரகம். துத்தநாகம் இரும்பை மூடுவதோடு நிற்காமல் தானே முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். கீறல் விழுந்தாலும் பக்கத்தில் துத்தநாகம் இருக்கும்வரை இரும்பு அவ்வளவு சீக்கிரம் சிவக்காது. துளை போட்ட, கோடு கிழித்த டிஸ்க்குகளில் பார்க்கும் தங்க நிறம் இந்த முலாமின் மேல் கொடுக்கும் குரோமேட் பூச்சினால் வருவது. முன்பு அதில் நச்சுத்தன்மை கொண்ட ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தது. ஐரோப்பாவில் 2007 முதல் புது வாகனங்களில் அதற்கு ஏறக்குறைய முழுத் தடை. குறை என்ன என்றால், துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். முலாம் மெல்லியதாக இருந்தால் உப்பில் வெள்ளைப் பொடியாகப் பூத்துச் சீக்கிரமே தீர்ந்தும் போகும்.

இப்போது நல்ல டிஸ்க்குகளில் அதிகம் வருவது துத்தநாகம், அலுமினியம் இரண்டையும் நுண்ணிய செதில்களாக்கி ஒரு பிணைப்பானில் கலந்து பூசி, சுமார் 300 டிகிரியில் சுட்டெடுக்கும் பூச்சு. ஜியோமெட் என்ற வணிகப் பெயர் பெட்டியில் கண்ணில் படலாம். சாம்பல் நிறம், மங்கலான மினுமினுப்பு, தடிமன் பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொச்சம். அவ்வளவு மெல்லியதாக இருப்பது இங்கே ஒரு வசதி. ஏன் என்று மாட்டும் இடத்தில் சொல்கிறேன்.

மேலே சொன்ன எதுவும் பேட் உரசும் முகத்தில் நிற்காது. முதல் சில பிரேக்கிலேயே வழிந்து போய்விடும். அந்த முகம் அதற்குப் பிறகு வெறும் வார்ப்பிரும்புதான். இரவு மழையில் நின்றால் காலையில் செம்பழுப்பாகத்தான் இருக்கும். பூச்சு போட்ட டிஸ்க் வாங்கி, மறுவாரமே ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று புலம்புகிறவர்கள் இந்த முகத்தைப் பார்த்துத்தான் புலம்புகிறார்கள். மேலோட்டமான அந்தத் துரு இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும், அதற்கு மருந்தும் தேவையில்லை.

உரசும் முகத்தையும் சேர்த்துக் காக்க வேண்டுமானால் நைட்ரஜன், கார்பன் அணுக்களை இரும்பின் மேற்பரப்புக்குள் செலுத்தும் வெப்பமுறை இருக்கிறது. பெட்டியில் எஃப்.என்.சி. என்று போட்டிருப்பார்கள். 560 டிகிரிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் உலையில் வைப்பார்கள். மேலே வந்து ஒட்டிய அடுக்கு இல்லை என்பதால் இது பெயராது, உரிந்து விழாது. 10 மைக்ரான் அளவுக்கு மேற்பரப்பே கடினமாகி, துருவையும் தேய்மானத்தையும் ஒருசேரத் தாங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 2008 முதல் சில கார்களில் இதைப் போடத் தொடங்கியது. டிஸ்க் ஆயுள் இரு மடங்காகும் என்றும் சொன்னது. குறையும் இருக்கிறது. லேத்தில் ஒருமுறை கடைந்தால் அந்த அடுக்கு முழுக்கப் போய்விடும், கொடுத்த காசும் அதோடு போச்சு. கடைந்து கடைந்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

இதற்கும் மேலே டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க் இருக்கிறது. போர்ஷே தன் கயேன் காரில் 2017இல் கொண்டுவந்தது. கண்ணாடி மாதிரி முகம், துரு தெரியவே தெரியாது, பிரேக் தூசியும் மிகக் குறைவு. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருப்பதால் இந்த வகைக் கடினப் பூச்சுகள் சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வரும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு அதற்கென்றே தயாரித்த பேட் வேண்டும், அது நம் வேலையில்லை.

மணிக்கணக்கை நம்பலாமா?

பெட்டியில் ‘இத்தனை மணி நேர உப்புத் தெளிப்புச் சோதனை’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்தச் சோதனையில் 35 டிகிரி சூட்டில், 5 சதவீத உப்புக் கரைசலைப் புகைபோல இடைவிடாமல் தெளிப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் டிஸ்க் சூடாவதில்லை, கல் அடிப்பதில்லை, நனைந்து காய்ந்து மறுபடி நனைவதும் இல்லை. சாலையில் டிஸ்க்கைக் கெடுப்பது இந்த மூன்றும்தான். ஒரே வகைப் பூச்சில் இரண்டு தயாரிப்பாளர்களை ஒப்பிட அந்த எண் உதவும். அதை வைத்து வருடக் கணக்கு போடக் கூடாது. எந்தத் துரு வரும்வரை எண்ணினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூப்பு தெரிந்ததும் நிறுத்திய எண்ணும், செந்துரு வந்த பிறகு நிறுத்திய எண்ணும் வெவ்வேறு.

எண்ணைவிட எனக்கு டார்ச் லைட் மேல் நம்பிக்கை. காற்றோட்ட டிஸ்க் என்றால் இரண்டு தட்டுக்கும் நடுவே உள்ள துடுப்புகளில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உள்ளே பூச்சு இல்லை, வெளியே மட்டும் இருக்கிறது என்றால் அது அலங்காரம். துரு முற்றிய டிஸ்க்குகளில் அந்தத் துடுப்புகள் செதிலாக உதிர்ந்து காற்று வழியே அடைபடும். உப்பு அதிகம் உள்ள இடங்களில் உரசும் தட்டு தொப்பியிலிருந்து கழன்றே போனதும் உண்டு.

மாட்டியது

பின்பக்கத்துக்குத் துத்தநாக அலுமினியச் செதில் பூச்சு போட்டதை வாங்கினேன். எஃப்.என்.சி. பற்றியும் யோசித்தேன். என் பின் டிஸ்க் தேயவே இல்லை என்பதால் தேய்மானத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றுவதுதான் பாதி வேலை. ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தேன். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு ஸ்க்ரூ துருவில் உறைந்துபோயிருந்தது. சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் அது அசையாது. சாதா ஸ்க்ரூ டிரைவரில் முயன்றால் தலை வழுக்கிப் போகும். தொப்பி ஹப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பல டிஸ்க்குகளில் இதற்கென்றே மரை உள்ள இரண்டு துளை விட்டிருப்பார்கள். பெரும்பாலும் எம்8 போல்ட் போகும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிஸ்க் தானாக எழும்பி வரும். கைப்பிரேக் ஷூ தொப்பிக்குள்ளே இருக்கிற வண்டி என்றால் முதலில் ஷூ அட்ஜஸ்டரைத் தளர்த்திவிடுங்கள், உள்ளே வளர்ந்த துரு விளிம்பில் ஷூ மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஹப் முகம். யாரும் பொறுமையாகச் செய்யாத வேலை இதுதான். ஹப்பின் விளிம்பில் 0.05 மி.மீ. துருச் செதில் ஒன்று மிச்சம் இருந்தால் போதும். டிஸ்க்கின் விட்டம் ஹப்பைவிட இரு மடங்கு என்பதால் வெளி விளிம்பில் அது 0.1 மி.மீ. ஆட்டமாகிவிடும். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. சுற்றும்போது ஒரே இடம் பேடை உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். 15, 20 மைக்ரான் வித்தியாசம் வந்தாலே பெடலில் துடிப்பு தெரியும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல வழக்குகளுக்கு மூலம் இந்தச் செதில்தான். வயர் பிரஷ் போட்டு, ஸ்டட்களைச் சுற்றி எமரி தாளால் தேய்த்து, கையால் தடவி நெருடல் இல்லை என்று ஆன பிறகு மிக மெல்லியதாக, துருவில் ஒட்டாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை தடவினேன். ஸ்டட் மரையில் அதைத் தடவக் கூடாது, நட்டை இறுக்கும் டார்க் (முறுக்கு விசை) கணக்கு தப்பிவிடும்.

பூச்சு மெல்லியதாக இருப்பது வசதி என்றேன் அல்லவா? தொப்பியின் உள்முகம் ஹப்பின் மேலும், வெளிமுகம் வீலின் கீழும் அழுந்தி நிற்கிறது. அங்கே தடித்த பெயின்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும். பத்து மைக்ரானில் அந்தக் கவலை குறைவு. இருந்தாலும் கையேட்டில் சொன்ன டார்க்கில் குறுக்கு வரிசையில் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு டார்க் ரெஞ்ச்சை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். டயல் கேஜ் வைத்ததில் ஆட்டம் 0.03 மி.மீ. வந்தது. 0.05க்குள் இருந்தால் போதும்.

பூச்சில்லாத டிஸ்க்கில் துரு வராமல் எண்ணெய் தடவி அனுப்புவார்கள். அதை பிரேக் கிளீனரால் சொட்டு விடாமல் கழுவ வேண்டும். பூச்சு போட்டதில் பெரும்பாலும் எண்ணெய் இருக்காது, கைரேகையைத் துடைத்தால் போதும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். உரசும் முகத்தின் பூச்சை எமரி தாளால் தேய்த்து எடுக்கும் ஆசை வரும். வேண்டாம். பேட் அதைவிடச் சீராக எடுக்கும்.

முதல் கொஞ்ச தூரம் பிரேக் ஒரு மாதிரி மந்தமாகவும் லேசான உறுமலோடும் இருந்தது. பூச்சு இன்னும் முழுக்கப் போகாததன் அடையாளம் அது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாக அழுத்தி விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்தி என்று பழக்கினேன். இடையில் முழுக்க நிறுத்திப் பெடலை அழுத்தியபடி நிற்கக் கூடாது, சூடான பேட் ஒரே இடத்தில் அச்சு விட்டுவிடும். பின்பக்கம் என்பதால் பூச்சு போக நேரம் பிடித்தது. நடுவில் வெள்ளி வளையமாகத் தொடங்கி இரு பக்கமும் விரிந்தது. அந்த வளையத்தைப் பார்த்தே பேட் முழு அகலத்தில் உட்காருகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். இடப்பக்கமும் இந்த முறை விளிம்புவரை வந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். தொப்பி சாம்பல் நிறம் மாறாமல் இருந்தது. வெளி விளிம்பில் கல் பட்ட இடங்களில் வெள்ளைப் பூப்பு மட்டும், செந்துரு இல்லை. ஸ்க்ரூ கைக்கு அடங்கித் திரும்பியது, டிஸ்க் சுத்தியல் இல்லாமல் வெளியே வந்தது. எனக்கு இதுதான் பெரிய லாபம். உரசும் முகத்தின் கதை வேறு. பேட் எட்டாத விளிம்போரத்தில் இரண்டு மி.மீ. அகலத்துக்குப் பூச்சு அப்படியே நின்றிருந்தது. அதற்கு உள்ளே, வெறும் இரும்பில், நாள்கணக்கில் நின்ற பிறகு வரும் வழக்கமான பழுப்பு. பேடின் வடிவத்தில் ஒரு நிழலும் விழுந்திருந்தது. ஓட்டியதும் போய்விட்டது.

அதனால் உரசும் முகத்தைக் காப்பது இன்னும் என் பொறுப்புதான். வண்டி கழுவினாலும் மழையில் வந்தாலும், நிறுத்துவதற்கு முன் சில தடவை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வைக்கிறேன். சமதளத்தில் பல நாள் நிற்கப் போகிறது என்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கைப்பிரேக்கைப் போடாமல் விட்டுவிடுகிறேன். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மோட்டார் பிரேக்கிங்கை அவ்வப்போது குறைத்து வைத்து, சாலை காலியாக இருக்கும்போது கொஞ்சம் அழுத்தமாகவே பிரேக் பிடிக்கலாம். சில கார்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

முன் டிஸ்க் இப்போது குறைந்தபட்ச அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முகம் முழுக்கப் பளபளப்பு, துடுப்புகளில் மேலோட்டமான துரு மட்டும். தேய்ந்துதான் போகப் போகிறது. அதற்குப் பூச்சில்லாத, நல்ல வார்ப்புள்ள சாதா டிஸ்க்கையே வாங்குவேன். மிச்சமாகும் காசில் பேடைக் கொஞ்சம் நல்லதாகப் பார்க்கலாம்.